வலது ஓரம்

லேபிள் அச்சகத்தில் பிழை திருத்துகிற அந்த மனிதருக்கு இரண்டு பட்டப்பெயர்கள் உண்டு. அச்சகத்தில் ‘புரூஃப் சார்’. இருமல் மருந்து சீசாவில் ஒட்டுகிற சீட்டில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டரின் கிளினிக்கில் கூடுகிற பழைய லென்ஸ்காரர்களுக்கு அவர் ‘நீதிபதி’.

பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை, ஆறேழு பேர்தான். ஞாயிறன்று பல்வலிக்காரர்கள் வரமாட்டார்கள் என்பதால் காத்திருக்கிற அறை சும்மா கிடக்கும். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் மேசையை இழுத்துப் போட்டு, அந்த வாரம் அவரவர் எங்கெங்கோ துழாவிப் பிடித்துவந்த லென்ஸ்களைப் பரப்புவார்கள். எல்லாம் நாற்பது ஐம்பது வருஷத்துப் பழசு. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, கையால் வளையத்தைத் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அந்த வளையம் வழுக்கிக்கொண்டு திரும்புகிறதா, மணல் விழுந்தமாதிரி நறநறக்கிறதா என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். இவர்களைப் பார்த்தால் வீட்டிலிருப்பவர்களுக்குச் சிரிப்பு; வீட்டிலிருப்பவர்களை நினைத்தால் இவர்களுக்குப் பயம்.

கடைசியில் எல்லார் கண்ணும் நீதிபதி பக்கம் திரும்பும். ஏனென்றால் லென்ஸ் நல்லதா கெட்டதா என்று கையில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். சுவரில் ஒரு முழுத் தாள் செய்தித்தாளை மடிப்பு விழாமல் ஒட்டியிருப்பார். அதன் நடுவில் ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி. எதிரே டிரைபாடில் கேமரா. கேமராவுக்குள் பார்க்கும்போது லென்ஸின் சொந்த முகமே அந்தக் கண்ணாடியில் நட்டநடுவில் தெரிந்தால்தான் கேமரா சுவருக்கு நேராக நிற்கிறது என்று அர்த்தம். நேராக நின்றபின், லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து ஒரு படம். அதைக் கணினியில் பெரிதாக்கி, நாலு மூலையிலும் எழுத்து எழுத்தாகப் படிப்பார். பிறகு நோட்டுப்புத்தகத்தில் எழுதுவார். அவர் எழுதினால் எழுதியதுதான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த நோட்டுப்புத்தகத்தில்தான் மெஷின் அக்காவின் பிழைப்பும் எழுதப்பட்டது.

மெஷின் அக்கா துணி ஆலையில் இருபது வருஷம் தையல் மெஷின் ரிப்பேர் செய்தவள். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருந்தாளா? பழைய லென்ஸைக் கழற்றி, உள்ளே படர்ந்த பூஞ்சையைத் துடைத்து, திரும்பப் பூட்டக் கற்றுக்கொண்டாள். கழற்றுகிற திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஐஸ்கட்டித் தட்டின் குழிகளில் போட்டுக்கொண்டே வருவாள். பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கிப் போவாள். ஒரு திருகு மிஞ்சியது என்ற பேச்சே அவளிடம் கிடையாது. லென்ஸ்காரர்கள் எல்லாரும் அவளிடம்தான் கொடுத்தார்கள்.

இப்படி இருக்கும்போது, அவள் துடைத்துக் கொடுத்த ஒரு லென்ஸில் வலது ஓரம் மங்கலாக இருக்கிறது என்று நீதிபதி எழுதினார். அடுத்த மாதம் இன்னொன்றிலும் வலது ஓரம். பிறகு மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது, பஸ் டிரைவருடையது. அவர் லென்ஸ்காரர்களிலேயே வாய் நீளமானவர்.

“அக்கா தொட்டா லென்ஸ் ஒரு கண்ண மூடிக்குதுய்யா,” என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதியும் சிரித்தார். சிரித்துவிட்டு, நோட்டுப்புத்தகத்தை மூடிவைத்து, நிதானமாகச் சொன்னார்:

“இனிமே அந்தக் கைக்கு லென்ஸ் குடுக்க வேண்டாம். வயசாயிடுச்சு. நடுக்கம் வந்திருக்கும்.”

ஒரு வாரம் கழித்து மெஷின் அக்கா அச்சகத்துக்கே வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. “என்ன தப்பு பண்ணினேன்னு ஒரு தடவ காட்டுங்க சார். காட்டினா திருத்திக்குவேன்,” என்றாள்.

அவர் கணினியில் படத்தைத் திறந்து காட்டினார். இடது பக்கம் எழுத்துகள் ஊசியால் கீறினமாதிரி இருந்தன. வலது பக்கம் தண்ணீர் பட்ட மையாகக் கலங்கியிருந்தன. “உள்ள ஒரு கண்ணாடி சாஞ்சு உக்காந்திருக்கு. பூட்டினவங்க கவனிக்கல,” என்றார்.

அவள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“அஞ்சுலயும் இதே பக்கமா சார்?”

“அஞ்சுலயும் இதே பக்கம்தான். கைப்பழக்கம் அப்படி.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, “சரிங்க சார். என் தப்புதான்,” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அன்றைக்குச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது. இதைப் பின்னால் நினைத்துப் பார்க்கும்போதுதான் அவருக்கு உடம்பு கூசியது.

நாலு மாதம் கழிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை. மூடிப்போன ஸ்டூடியோ ஒன்றிலிருந்து அவருக்கு ஒரு லென்ஸ் கிடைத்திருந்தது. பெட்டி பிரிக்காதது. உள்ளே சுற்றியிருந்த எண்ணெய்த்தாள்கூட அப்படியே இருந்தது. அதை அவிழ்க்கும்போது அவருக்குக் கல்யாணப் பெண்ணைப் பார்க்கப் போகிறமாதிரி இருந்தது. எவர் கையும் படாத லென்ஸ். டிரைபாடில் மாட்டி, கண்ணாடியில் நேர்பார்த்து, படம் எடுத்துப் பெரிதாக்கினார்.

வலது ஓரம் கலங்கியிருந்தது.

‘தயாரிக்கும்போதே கோளாறு’ என்று எழுத ஆரம்பித்தார். ‘தயாரிக்கும்போதே’ வரைக்கும் எழுதியாயிற்று. பேனா அதற்கு மேல் போகவில்லை.

திருகி மாட்டுகிற லென்ஸ்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. லென்ஸை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, மறுபடி ஃபோகஸ் செய்து, இன்னொரு படம் எடுக்க வேண்டும். கோளாறு லென்ஸில் இருந்தால், லென்ஸ் திரும்பியதோடு மங்கலும் இடது பக்கம் போய்விடும். போகாவிட்டால் கோளாறு வேறெங்கோ. லென்ஸ் விளையாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அவரே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தானே செய்து பார்த்ததுதான் இல்லை.

அரைச் சுற்று தளர்த்தினார். படம் எடுத்தார். மங்கல் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வேறொரு லென்ஸை மாட்டினார். அசையவில்லை. மூன்றாவது, அசையவில்லை.

கேமராவுக்கும் பழைய லென்ஸுக்கும் நடுவே அடாப்டர் என்று ஒரு இரும்பு வளையம் மாட்டுவார்கள். அது இல்லாமல் பழைய லென்ஸ் கேமராவில் பூட்டாது. அந்த வளையத்துக்குள் இன்னொரு வளையம், மூன்று பொடித் திருகுகள் பிடித்திருக்கும். அவர் மூன்றையும் கழற்றினார். உள்ளே அவரே வைத்த காகிதம் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன், வெகு தூரத்தில் இருப்பவை படத்தில் துல்லியமாக விழவில்லை என்று, வளையத்தை ஒரு மயிரிழை உயர்த்துவதற்காக, அச்சகத்தில் மிஞ்சிய லேபிள் தாளை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தார். ஒட்டும்போது ஒரு பக்கம் மடிந்திருக்கிறது. நகத்தால் தடவினால்தான் தெரிகிற மடிப்பு. அந்த மடிப்பின் மேல் ஏறி உட்கார்ந்த ஒவ்வொரு லென்ஸும் ஏழு மாதமாகத் தலையைச் சாய்த்தே உலகத்தைப் பார்த்திருக்கிறது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” மனைவி துடைப்பமும் கையுமாக வந்து நின்றாள். தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் வேலை அவளுக்கு. சனிக்கிழமைதான் வீட்டைப் பெருக்கக் கை ஒழியும். “லென்ஸ் கீழ விழுந்துடுச்சா?”

“இல்ல.”

“பின்ன? நான் மாடிப்படியில உருண்டப்பகூட உங்களுக்கு இந்த மூஞ்சி வரலையே.”

“ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் தலைவலி.”

“நாள் பூரா ஒத்தக் கண்ண மூடிட்டுப் பாத்தா வராம என்ன செய்யும்? கால எடுங்க, பெருக்கணும்.”

அவர் காலைத் தூக்கிக்கொண்டு, காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திருடின பொருளை மறைக்கிறமாதிரிக் கை தானாகப் போனது.

அவள் போனபின் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டினார். துளை சின்னதாக இருக்கிற லென்ஸ்களில் இந்தக் கோணல் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. வெளிச்சத்தை அள்ளுகிற பெரிய துளை லென்ஸ்களில்தான் பல்லை இளித்திருக்கிறது. அப்படி ஒன்பது. அதில் ஐந்து அக்கா கைபட்டவை. மீதி நாலுக்கும் அவரே ஒவ்வொரு காரணம் எழுதியிருந்தார். ‘கீழே விழுந்தது.’ ‘வெயிலில் கிடந்தது.’ ‘செய்தவன் தூங்கிவிட்டான்.’ நாலாவதற்குக் காரணம் எதுவும் அகப்படாமல் ‘ராசி’ என்று எழுதியிருந்தார். எழுதின அன்றைக்கு அதைப் பெரிய நகைச்சுவையாக நினைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

மறுநாள் கிளினிக்குக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினார். அந்தப் பொய் மட்டும் கொஞ்சம் உண்மையாகவே ஆகிப்போனது.

புதன்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தார். வழி என்று அவர் நினைத்துக்கொண்டார். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். பூஞ்சை பிடித்த லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் துடைக்கக் கொடுப்பது. துடைத்து வந்ததும் கிளினிக்கில், ‘பழைய கை திரும்பிடுச்சு’ என்று தீர்ப்பு எழுதுவது. எல்லாரும் மறுபடி அவளிடம் கொடுப்பார்கள். அவளுக்கும் நல்லது, தனக்கும் தலைகுனிவு இல்லை. காகிதத்தை எடுத்தமாதிரியே சத்தமில்லாமல் எல்லாம் சரியாகிவிடும்.

அக்கா வீடு இரண்டு அறை. கதவைத் திறந்தவள் அவள் மகள். ஜன்னலோரத்தில் பழைய தையல் மெஷின் ஸ்டாண்டின் மேல் பலகை போட்ட வேலை மேசை இருந்தது. ஆனால் மேசை மேல் மடித்துவைத்த துணிகள் அடுக்கியிருந்தன. ஐஸ்கட்டித் தட்டின் குழிகளில் மகளின் தலை ஊசிகளும் சட்டைப் பொத்தான்களும் கிடந்தன.

“வாங்க சார்,” என்று அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். “உக்காருங்கக்கா,” என்று இவர் பதறினார்.

மகள் தேநீர் கொடுத்தாள். அக்கா தன் டம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, குழந்தை குடிக்கிறமாதிரி உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

அவர் லென்ஸை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“இப்பல்லாம் நான் தொடறதில்ல சார்.”

“இல்லக்கா, இது சாதாரண வேலைதான். முன்பக்கக் கண்ணாடி மட்டும்.”

“நீங்க சொன்னதுக்கப்புறம்தான் கவனிச்சேன். கை நடுங்குது சார். முன்னாடி எனக்கே தெரியல. தெனம் காலைல எந்திரிச்சதும் கைய இப்படி நீட்டிப் பாக்கறேன். பாக்கப் பாக்க ஆடுது.” அவள் கையை நீட்டிக் காட்டினாள். யார் கையை நீட்டி உற்றுப் பார்த்தாலும் ஆடுகிற அளவுக்குத்தான் அது ஆடியது. “ஊசில நூல்கூட இவதான் கோத்துத் தர்றா. அடுப்புல கொதிக்கிற பாத்திரத்த எறக்க விடறதில்ல.”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா. இப்ப சரியாயிருக்கும். ஒரு தடவ செஞ்சு பாருங்களேன்.”

“பரிதாபப்பட்டு வேல குடுக்காதீங்க சார்,” என்றாள் அக்கா. கோபமில்லாமல்தான் சொன்னாள். “அடுத்தவங்க பொருள். டிரைவர் தம்பியோடத திரும்ப வாங்கி நாலு தடவ கழட்டிப் பூட்டினேன், எங்க சாஞ்சிருக்குன்னு பாக்கறதுக்கு. மூணு தடவ ஒண்ணும் தெரியல. நாலாவது தடவ ஸ்பேனர் வழுக்கி, பின்னாடி கண்ணாடில கோடு விழுந்துடுச்சு. அதோட எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டேன்.”

இப்போது சொல்ல வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. தேநீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினார்.

வாசல்வரை வந்து வழியனுப்பிய மகள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன் சார். நல்ல வேளையா நேரத்துல சொன்னீங்க. இல்லேன்னா அம்மா இன்னும் எத்தனை பேர் பொருளக் கெடுத்திருப்பாங்களோ. கேட்டா எங்ககிட்ட ஒத்துக்கவா போறாங்க?”

செருப்பை மாட்டிக்கொள்ள அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. இடது கால் செருப்பில் வலது காலை நுழைத்துக்கொண்டு நின்றார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். நன்றியை எங்கே வைத்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். லேபிள் தாள் மடிந்த இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். “ஊரார் தப்பெல்லாம் கண்டுபிடிக்கற கண்ணுங்க அது!” தேநீர் டம்ளரை இரண்டு கையால் பிடித்த இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. கத்தியும் நின்றது.

“அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

அவர் நறுக்கிய காய்த்துண்டு ஒன்றை எடுத்து, திரும்பத் தட்டில் போட்டார்.

“எங்கிட்ட சொல்லிட்டா மனசு லேசாயிடும். அதானே? நல்லா இருக்கே. நீங்க லேசாயிடுவீங்க, அந்தம்மா டம்ளர ரெண்டு கையால பிடிச்சிட்டே இருக்கட்டும்.” அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். “எங்கிட்ட இதப்பத்தி இன்னொரு வார்த்த பேசாதீங்க.”

மறுநாள் அச்சகத்தில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, கேமராவையும் அடாப்டரையும் பையில் போட்டுக்கொண்டு போனார். அடாப்டரை அவர் திரும்பப் பூட்டியிருந்தார். மடிந்த காகிதத்தை மடிந்தபடியே, அதே இடத்தில் வைத்து. சாட்சியை அழித்துவிட்டு வாயால் சொன்னால் அவள் நம்ப வேண்டிய அவசியமில்லை என்று பட்டது.

மகளும் இருந்தாள். நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார். நினைக்கும்போதே காது சூடாகியது.

“அக்கா, தப்பு உங்க கையில இல்ல. என் வளையத்துல,” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் கோர்வையாக வரவில்லை. பிழை திருத்தித் திருத்தியே பழகின மனிதர், தன் வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் திணறினார்.

அக்கா கையை நீட்டி அடாப்டரை வாங்கினாள். “அந்த டப்பாவ எடு,” என்றாள் மகளிடம். டப்பாவில் ஆலைக் காலத்து வெர்னியர் இருந்தது, தகட்டின் கனம் பார்க்கிற அளவுகோல். வளையத்தை நாலு இடத்தில் கவ்விப் பார்த்தாள். ஐந்தாவதாக, முதலில் பார்த்த இடத்தையே திரும்பப் பார்த்தாள். பொடித் திருப்புளியை எடுத்து மூன்று திருகையும் கழற்றி, உள்வளையத்தைத் தூக்கினாள். காகிதத்தை நகத்தால் தடவினாள். ஒரு தடவை. நிறுத்தினாள். திரும்பத் தடவினாள்.

“எப்ப வச்சீங்க இத?”

“ஏழு மாசம் ஆச்சு.”

“நான் உங்க ஆபீசுக்கு வந்தது?”

“நாலு மாசம் முன்னாடி.”

“அன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“என்ன கேட்டேன்? சொல்லுங்க.”

“அஞ்சுலயும் ஒரே பக்கமான்னு கேட்டீங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “கைப்பழக்கம்னு சொன்னேன்.”

“அஞ்சு லென்ஸ் அஞ்சு விதமா திருகி நிக்கும் சார். உள்ள சாஞ்சிருந்தா ஒண்ணு மேல மங்கும், ஒண்ணு கீழ மங்கும். எப்படி எல்லாம் ஒரே பக்கம் வந்து நிக்கும்? படி எறங்கும்போதே எனக்கு இது தோணுச்சு. மூணு நாளு இதையேதான் யோசிச்சேன். அப்புறம், நூறு லென்ஸ் பாத்தவர், எழுத்துப் பொழையக்கூட விடாதவர், அவருக்குத் தெரியாதா, என் கைதான் போயிடுச்சுன்னு விட்டுட்டேன்.” அவள் கை இப்போது உண்மையாகவே நடுங்கியது. திருப்புளியைக் கீழே வைத்தாள். “அன்னைக்கே ஒரு தடவ திருப்பி மாட்டிப் பாத்திருக்கலாமே?”

“பாத்திருக்கலாம்.”

“ஏன் பாக்கல?”

பொய் சொல்ல நிறைய இருந்தது. அன்றைக்கு வேலை நெருக்கடி என்று சொல்லலாம். வெளிச்சம் சரியில்லை என்று சொல்லலாம். “எம் மேல எனக்குச் சந்தேகமே வரலக்கா,” என்றார். “நீங்க கேட்டதுகூட, ரிப்பேர் பண்றவங்க ஏதோ சாக்கு தேடறாங்கன்னுதான் நெனச்சேன்.”

மகள் அவரைப் பார்த்தாள். நேற்று நன்றி சொன்ன வாய். அது இப்போது இறுக மூடியிருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் பார்க்க முடியவில்லை. அம்மாவின் கையை நம்பாததில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது.

“டிரைவரோட லென்ஸ்ல விழுந்த கோடு...” என்று இழுத்தார். “அதுவும் என்னாலதான்.”

“அது என் கோடு,” என்றாள் அக்கா வெடுக்கென்று. “ஸ்பேனர் என் கையில இருந்துச்சு. அதையும் நீங்க எடுத்துக்காதீங்க.”

வெளியே யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள்.

“ஞாயித்துக்கெழமை கூட்டத்துக்கு வாங்கக்கா,” என்றார். “உங்க முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“நான் எதுக்கு வரணும்? நான் வந்து உக்காந்தா, ஐயோ பாவம், வந்திருக்காளேன்னு சமாதானத்துக்குச் சொல்றீங்கன்னு நெனப்பாங்க. நான் இல்லாதப்பதானே சொன்னீங்க? நான் இல்லாதப்பவே சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க.” அடாப்டரின் துண்டுகளைக் காகிதத்தோடு சேர்த்து அவர் பக்கம் தள்ளினாள். பூட்டிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிளினிக்கில் வழக்கம்போல மேசை, வழக்கம்போலப் பரப்பிய லென்ஸ்கள், பல் டாக்டர் கொண்டுவந்த பிஸ்கட்.

“வாங்க நீதிபதி! போன வாரம் கோர்ட்டு லீவாமே?” என்றார் டிரைவர். “இந்தாங்க, இது ஒண்ணு மாட்டிருக்கு. மெஷின் அக்கா தொடாதது, ரெண்டு கண்ணும் தெறந்திருக்கும்.”

நீதிபதி நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. அக்கா மேல் தப்பில்லை, தன் அடாப்டர்தான் கோணல், ஒன்பது தீர்ப்பும் தப்பு என்றார். நோட்டுப்புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக, இன்னாருடைய லென்ஸ், இந்தத் தேதி, இப்படி எழுதினேன், அது பொய் என்று வாசித்தார். ‘ராசி’யையும் விடாமல் வாசித்தார்.

முதலில் சிரித்தார்கள். “அக்காவுக்காக விட்டுக்கொடுக்கறாரு. பெரிய மனசு,” என்றார் பல் டாக்டர். நீதிபதி இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, மடிந்த காகிதத்தை மேசை மேல் வைத்தார். அது கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவராக நகத்தால் தடவிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கிப்போனது. ஒருவர் தன் லென்ஸை ஆறு மாதத்துக்கு முன் கழிவென்று யாருக்கோ தூக்கிக் கொடுத்தது ஞாபகம் வந்து, “அடப்பாவி” என்றார். யாரைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

“சரி, விடுங்க,” என்றார் பல் டாக்டர், ஊசி போட்டபின் கன்னத்தைத் தட்டுகிற குரலில். “மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். சொல்லிட்டீங்க இல்ல, அதுவே போதும். உக்காருங்க, டீ ஆறுது.”

அவர் உட்கார்ந்தார். தோளிலிருந்து மூட்டை இறங்கினமாதிரி இருந்தது. நன்றாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று ஒரு சின்ன எண்ணம்கூட எட்டிப் பார்த்தது. பிஸ்கட் எடுக்கக் கை நீட்டினார்.

டிரைவர் மட்டும் சிரிக்கவுமில்லை, உட்காரவுமில்லை. “ஒரு கண்ண மூடிக்குதுன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்,” என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு போனை எடுத்து, அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார்.

“அக்கா, நான்தான், டிரைவர். மன்னிச்சுக்கங்கக்கா. நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்.”

அந்தப் பக்கம் பாத்திரம் எதையோ இறக்கிவைக்கிற ஒலி கேட்டது.

“சொல்லிட்டாரா?”

“சொல்லிட்டாருக்கா. காகிதத்தக்கூடக் காட்டினாரு. நோட்டப் படிச்சாரு.”

“நான் ஆபீசுக்குப் போயிக் கேட்டதச் சொன்னாரா?”

டிரைவர் நீதிபதியைப் பார்த்தார். பல் டாக்டர் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். பிஸ்கட் அவர் விரல்களுக்கிடையில் இருந்தது.

ஒன்பது லென்ஸையும் சொன்னவர், தேதியைச் சொன்னவர், அதை மட்டும் சொல்லவில்லை. மறந்தாரா என்றால் மறக்கவில்லை. காலையில் குளிக்கும்போது சொல்லிப் பார்த்ததில் அது இருந்தது. பஸ்ஸில் வரும்போதும் இருந்தது. நின்று பேச ஆரம்பித்தபோது எங்கேயோ நழுவவிட்டார். காகிதம் மடிந்தது கைப்பிசகு, யாருக்கும் நடக்கும். அது போதுமென்று இருந்துவிட்டது.

“என்ன கேட்டீங்கக்கா?” என்றார் டிரைவர் போனிடம்.

“நான் சொல்லமாட்டேன். அவர் சொல்லட்டும்,” என்றாள் அக்கா. “நான் வைக்கல. கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

அவர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். எழுந்து நின்றார். மேசை மேல் கிடந்த போனின் முகத்தைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

“அவங்க வந்தாங்க. மதிய நேரம். மூச்சு வாங்க மாடியேறி வந்து, எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. சரியான கேள்வி...”